அளவுகோலும் தொடர்ச்சியும்: மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளின் கல்வித் தரத்தை மதிப்பிட்ட வரலாறு

முன்னுரை

ஒரு பள்ளியின் தரம் யாது என்னும் வினா எளிதாகத் தோன்றினும், அதற்கு விடை கூறுவது எளிதன்று. எதைக் கொண்டு அளப்பது, யார் அளப்பது, யாருக்காக அளப்பது என்னும் மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதியோர் அவற்றின் தோற்றம், எண்ணிக்கை, சட்டநிலை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அப்பள்ளிகளின் தரம் காலந்தோறும் எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பது தனியே நோக்கத்தக்க ஒரு பொருளாகும். பள்ளியின் வாழ்வும் தாழ்வும் பலமுறை அந்த மதிப்பீட்டையே பொறுத்திருந்தன என்பதே இதற்குக் காரணம்.

இக்கட்டுரை மலாக்கா மாநிலத்தைக் களமாகக் கொள்கிறது. தங்கா பத்து, சுங்கை ஊடாங், பாயா ரும்புட் முதலிய மேற்குக் கரையோரப் பகுதிகளும், அலோர் காஜா, ஜாசின் ஆகிய மாவட்டங்களின் தோட்டப் புறங்களும், பழைமைவாய்ந்த நகரமும் ஒரு சிறு மாநிலத்துள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், நகரக் கல்வியையும் தோட்டக் கல்வியையும் ஒப்பிட்டுக் காண்பதற்கு மலாக்கா ஏற்ற இடமாகும். தொடக்கநிலை முதல் இடைநிலை முடியும் வரை ஒரே பள்ளியில் கற்கும் முழுநிலைப் பள்ளி என்னும் அமைப்பு தமிழ்க் குழந்தைக்கு வாய்க்காமற்போனது, அவன் பயின்ற பள்ளியின் தரமதிப்பீட்டை எவ்வாறு பாதித்தது என்பதே நாம் இங்கு எழுப்பும் மைய வினா.

நகரத்தின் பள்ளியும் தோட்டத்தின் பள்ளியும்

மலாக்காவுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு ரப்பருக்கு முற்பட்டது. மலாக்காச் செட்டிகள் எனப்படும் சமூகத்தார் இங்குப் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்தம் வாழ்வுக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. சமயத்தைக் காத்த இச்சமூகம் வீட்டுமொழியாகத் தமிழை இழந்து மலாய்மொழி வழக்கொன்றை ஏற்றது. தமிழ் கற்பிக்கும் நிலையான பள்ளி இல்லாத இடத்தில் மொழி தலைமுறை கடந்து நிலைப்பது அரிது என்பதற்கு இஃது ஒரு பழைய எடுத்துக்காட்டு எனலாம்.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையின்வழி மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826இல் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றுடன் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. அதே 1826ஆம் ஆண்டிலேயே மலாக்கா இலவசப்பள்ளி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது மலாக்கா உயர்நிலைப்பள்ளி எனப் பெயர் பெற்றது. 1880இல் புனித பிரான்சிஸ் பள்ளி எழுந்தது. இவ்வாங்கிலப் பள்ளிகளின் அமைப்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. சிறுவன் ஒருவன் தொடக்க வகுப்பில் நுழைந்து, அதே நிறுவனத்தின் நிழலில் படிப்படியாக உயர்ந்து, கேம்பிரிட்ஜ் தேர்வு வரை செல்ல இயலும். முழுநிலைப் பள்ளி என்று நாம் இன்று குறிப்பிடும் அமைப்பு மலாக்காவில் ஆங்கிலவழிக் கல்விக்கு உரியதாக நெடுங்காலம் இருந்தது. அதன் தரத்தை அளக்க இறுதித் தேர்வு ஒன்று இருந்தது; அத்தேர்வு பள்ளியின் முழுப் பயணத்தையும் அளந்தது.

தோட்டத்தின் கதை வேறு. 1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானிலும் பெரும் பரப்பில் ரப்பர் பயிரிடப்பட்டது. இவ்விரண்டு ஊர்ப் பெயர்களும் பின்னாளில் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. ரப்பருடன் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன; குடும்பங்களுடன் குழந்தைகள் வந்தனர்; குழந்தைகளின் பொருட்டுப் பள்ளி என்னும் பேச்சு எழுந்தது.

மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பத்துக் குழந்தைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு நிருவாகத்தைப் பணிக்க வழிசெய்தது. மலாக்கா கூட்டரசு மாநிலங்களில் ஒன்றன்று. எனினும் இதையொத்த ஏற்பாடுகள் 1920களில் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தன. இச்சட்டம் கேட்ட வினாவை நாம் கவனிக்க வேண்டும். பள்ளி உண்டா இல்லையா என்பதே அவ்வினா. கட்டடம் எத்தகையது, ஆசிரியர் யார், குழந்தை என்ன கற்றது என்பன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தபோதும் சட்டம் நிறைவேறியதாகவே கொள்ளப்பட்டது. தமிழ்ப்பள்ளியின் முதல் அளவுகோல் பள்ளியின் இருப்பு ஒன்றே ஆகும்.

வருகைப் பதிவேடு என்னும் அளவுகோல்

அரசின் உதவித்தொகை வந்தபோது இரண்டாவது அளவுகோலும் உடன் வந்தது. பள்ளிக்கு வழங்கப்படும் தொகை மாணவரின் சராசரி வருகையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இம்முறை மலாயாவில் பிறந்ததன்று. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்திய கல்வி விதிகளின்படி, ஒரு மாணவனுக்குரிய உதவித்தொகையில் 4 ஷில்லிங் வருகைக்கும், 8 ஷில்லிங் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் அவன் பெறும் தேர்ச்சிக்கும் எனப் பிரிக்கப்பட்டது. பலனுக்கேற்ற ஊதியம் எனப்பட்ட அம்முறை சென்னை மாகாணத்திலும் பரவியிருந்தது. பள்ளி ஆய்வாளராகவும் கவிஞராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு அதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஆய்வாளர் வரும் நாளுக்காகவே கற்பித்தலைச் சுருக்கும் பழக்கத்தை அது வளர்க்கும் என்பது அவருடைய கண்டனத்தின் சாரம். 1890களில் இங்கிலாந்து அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

தாய்நாட்டில் கைவிடப்பட்ட சிந்தனையின் சாயல் குடியேற்ற நாட்டுத் தோட்டத்தில் தங்கிவிட்டது. தோட்டத்தில் வருகை என்பது குழந்தையின் ஆர்வத்தையோ ஆசிரியரின் திறமையையோ மட்டும் காட்டுவதன்று. தாய் தந்தை இருவரும் விடியலில் பிரட்டுக்குச் சென்று பால்வெட்டில் ஈடுபட்டனர். மூத்த பெண்குழந்தை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டது. சற்று வளர்ந்த சிறுவர் களையெடுப்பு முதலிய இலகுவான வேலைகளுக்கு அனுப்பப்பட்டனர். எனவே, பதிவேட்டில் விழுந்த ஒவ்வொரு வெற்றிடமும் தோட்டத்தின் கூலி அமைப்பைக் காட்டியதே தவிர, பள்ளியின் குறையைக் காட்டவில்லை. ஆயினும் தொகை குறைந்தது பள்ளிக்கே. தான் கட்டுப்படுத்த இயலாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்படும் நிறுவனமாகத் தோட்டப்பள்ளி அக்காலத்திலேயே ஆகிவிட்டது எனக் கூறுவது மிகையாகாது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, இந்தியத் தொழிலாளரின் நிலையை நேரில் கண்டு 1937இல் அறிக்கை அளித்தார். கூலி, குடியிருப்பு ஆகியவற்றுடன் பள்ளிகளும் அவர் பார்வைக்குட்பட்டன. 1938இல் துணைபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தது. இதன் விளைவாக, வந்து போகும் கூலி மக்களாகக் கருதப்பட்டோர் நிலைத்து வாழும் சமூகமாக மாறத் தொடங்கினர். இந்தியாவுக்குத் திரும்பப்போகும் குழந்தைக்கு எழுத்தறிவு போதும் என்று வாதிட்டோர்க்கு, இந்நாட்டிலேயே வாழப்போகும் குழந்தைக்கு எது போதும் என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டிய நிலை ஏற்பட்டது. ஆனால், அவ்விடையைத் தேடுவதற்கு முன்னரே போர் வந்தது.

அறிக்கைகளின் காலம்

1946ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டு, மலாக்கா மலாயன் யூனியனில் இணைந்தது. அவ்வாண்டில் கல்வி இயக்குநர் சீஸ்மன் முன்வைத்த திட்டம் தாய்மொழிவழி இலவசத் தொடக்கக் கல்வியை ஏற்றது. ஐந்தாண்டுகளுக்குள் காற்று திசை மாறியது. 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாக அமைந்த தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீனக் கல்வியை ஆராய்ந்த பென்-வு அறிக்கையும் அதே ஆண்டில் வெளிவந்தது. இந்தியத் தரப்பிலிருந்தும் பார்ன்ஸ் அறிக்கைக்கு எதிர்ப்பு எழுந்தது. 1956இல் ரசாக் அறிக்கையும், 1957இல் அதனை ஒட்டிய கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிக்கு நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடமளித்தன. பொதுப் பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர், முறையான பள்ளி ஆய்வு ஆகியவை இக்காலத்தின் பேறுகள். இந்தியாவிலிருந்து வந்த பாடநூலுக்கு மாற்றாக இந்நாட்டு மண்ணையும் மக்களையும் பேசும் பாடநூல் தமிழ் மாணவன் கையில் வந்தது.

1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தொடக்கக் கல்வியை இலவசமாக்கின. அதே வேளை, அரசு உதவிபெறும் இடைநிலைக் கல்வி நாட்டின் அதிகார மொழிகளிலேயே அமையும் என்பதையும் உறுதிப்படுத்தின. சீனச் சமூகத்தின் ஒரு பகுதி உதவித்தொகையைத் துறந்து தனியார் இடைநிலைப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. தோட்டக் கூலியை நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமூகத்துக்கு அத்தகைய பொருள்வலிமை இல்லை. தமிழ்ப்பள்ளி ஆறாண்டுப் பள்ளி என்பது இவ்வாறு உறுதியாயிற்று. தமிழ்ப்பள்ளி மாணவன் இடைநிலைக்குச் செல்லுமுன் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்தான். தேசியப் பள்ளியில் பயின்ற மாணவன் நேரே முதலாம் படிவத்துக்குச் சென்றான்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியின் கை விடப்படுகிறது. அதன் பின்னர் அக்குழந்தை வேறொரு மொழியில், வேறொரு நிறுவனத்தில், வேறோர் ஆசிரியரிடம் பயில்கிறது. அவன் ஐந்தாம் படிவத்தில் வெற்றி பெற்றால் அப்பெருமை இடைநிலைப்பள்ளிக்கு உரியது. அவன் இரண்டாம் படிவத்தில் விலகினால், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வெற்றியில் பங்கின்றித் தோல்வியில் மட்டும் பங்கு பெறும் இந்நிலை, தொடர்ச்சி அறுந்த பள்ளியமைப்பின் நேரடி விளைவாகும்.

சிங்கப்பூரின் ஒரு பாடம்

தமிழில் முழுநிலைப் பள்ளி என்பது இவ்வட்டாரத்தில் எங்கும் தோன்றவே இல்லையா எனின், தோன்றியது என்பதே விடை. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தார் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலை வகுப்புகளைப் பெற்றது. தமிழ்வழியில் தொடக்கநிலை முதல் உயர்நிலை வரை கற்கும் வாய்ப்பை அது அளித்தது. அதன் மாணவர் பலர் பிற்காலத்தில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் ஊடகத்துறையினராகவும் பணியாற்றினர். ஆயினும், ஆங்கிலவழிக் கல்விக்கு வேலைவாய்ப்பு பெருகிய சூழலில் மாணவர் சேர்க்கை குறைந்து, 1982ஆம் ஆண்டில் அப்பள்ளி மூடப்பட்டது.

இப்பள்ளியின் வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, முழுநிலைப் பள்ளி தனக்கெனத் தரத்தை நிறுவிக்காட்ட இயலும். அதன் மாணவரே அதன் சான்று. இரண்டாவது, தரம் மட்டும் ஒரு பள்ளியைக் காப்பதில்லை. மேற்கல்வியும் வேலையும் வேறொரு மொழியில் இருக்கும்போது, பெற்றோர் பள்ளியின் தரத்தை மட்டுமன்றி, பள்ளிக்குப் பின் உள்ள பாதையையும் மதிப்பிடுகின்றனர். எனவே, மலாக்காவில் தமிழ் இடைநிலைப்பள்ளி இருந்திருந்தால் எல்லாக் குறையும் தீர்ந்திருக்கும் எனக் கருதுவது பொருந்தாது. பள்ளி வேறாயினும், பிள்ளையின் கல்விப் பயணம் அறுபடாமல் நோக்கப்பட வேண்டும் என்பதே நாம் வலியுறுத்தும் கருத்து.

தோட்டம் சுருங்கிய காலம்

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியருக்குச் சொந்தமான தோட்டங்கள் பல விற்கப்பட்டுச் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டன. இதனைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது பள்ளிகளும் மாணவரை இழந்தன. 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் இந்தியா திரும்பின. பின்னர்த் தொழில்மயமாதல் வந்தது. தஞ்சோங் கிளிங் பகுதியில் தொழிற்சாலைகள் எழுந்தன; 1990களில் தங்கா பத்து - சுங்கை ஊடாங் வட்டாரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை செயற்படத் தொடங்கியது. பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு இளைஞர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தன. பல இடங்களில் பள்ளி மட்டும் பழைய தோட்டத்தில் நின்றது.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவ்வெண்ணிக்கை 530க்குச் சற்றுக் குறைவு. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் சில இன்று தோட்டமே இல்லாத இடத்தில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவ்வீழ்ச்சியைத் தரக்குறைவின் விளைவு எனக் கொள்வோர் உளர். மேற்கூறிய நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்கினால், நிலவுடைமை மாற்றம், குடியுரிமைக் கொள்கை, தொழில் மாற்றம் ஆகியவையே முதன்மைக் காரணங்களாக அமைவதைக் காணலாம். மாணவர் எண்ணிக்கையைத் தரத்தின் குறியீடாகக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும்.

இக்காலத்தில் வெளிவந்த ஒரு மதிப்பீட்டை இங்குத் தனித்துக் குறிப்பிட வேண்டும். இடைவிலகல் குறித்து முராட் முகமது நூர் தலைமையில் நடத்தப்பட்ட ஆய்வின் அறிக்கை 1973இல் வெளியிடப்பட்டது. பள்ளியில் சேர்ந்தவருள் எத்தனை பேர் எந்த நிலையில் விலகினர் எனக் கேட்ட இவ்வாய்வு, வறுமைக்கும் இடைவிலகலுக்கும் உள்ள நெருங்கிய உறவை வெளிப்படுத்தியது. ஆய்வாளர் வந்த ஒரு நாளையோ தேர்வு நடந்த ஒரு வாரத்தையோ அளக்காமல், மாணவரின் பயணத்தை அளக்க முயன்ற அணுகுமுறை அது. அத்தகைய நோக்கு தொடர்ந்திருப்பின் தமிழ்ப்பள்ளி குறித்த நம் அறிவு இன்று எவ்வளவோ தெளிவு பெற்றிருக்கும்.

தேர்வுப் புள்ளியின் ஆட்சி

1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை மையப்படுத்தியது. 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கியது. தமிழ்ப்பள்ளியின் தரத்தைச் சமூகம் நோக்கும் முறையை இத்தேர்வு பெரிதும் மாற்றியது. 2015ஆம் ஆண்டு வரை ஏழு தாள்களிலும் சிறந்த தேர்ச்சி பெற்றோர் ‘7ஏ’ மாணவர் எனப் போற்றப்பட்டனர். 2016 முதல் ஆங்கிலம் இரண்டு தாளாகியதால் அது ‘8ஏ’ ஆயிற்று. நாளிதழ்கள் அம்மாணவரின் படங்களை வெளியிட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பரிசளித்தன.

இத்தேர்வு செய்த நன்மையை மறுத்தல் ஆகாது. தேசியப் பள்ளி மாணவரோடு ஒரே தாளில் அறிவியலும் கணிதமும் எழுதி, தமிழ்ப்பள்ளி மாணவர் சிறந்த தேர்ச்சி பெற்றபோது, தமிழ்ப்பள்ளி ஏழையின் கடைசிப் புகலிடம் என்னும் பழைய எண்ணம் தளர்ந்தது. நகர்ப்புற நடுத்தர வகுப்புப் பெற்றோர் சிலர் தமிழ்ப்பள்ளியை நாடி வந்தமைக்கும் இதுவே ஒரு காரணம்.

ஆயினும், சிறிய பள்ளிகள் மிகுந்த மாநிலத்தில் இவ்வளவுகோல் பொருத்தமாக இயங்கவில்லை. ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஆறாம் ஆண்டில் ஐந்து மாணவர் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி விழுக்காடு 100இலிருந்து 80ஆகச் சரியும். நூறு மாணவர் உள்ள பள்ளியில் ஒருவர் தவறினால் 99 ஆகும். முதற்பள்ளியின் ஆசிரியர் கடந்த ஆண்டு கற்பித்த அதே முறையில் இவ்வாண்டும் கற்பித்திருக்கலாம். ஒரு குழந்தையின் காய்ச்சல், ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு ஆகியவை பள்ளியின் தரத்தை ஒரே ஆண்டில் உயர்த்தவும் தாழ்த்தவும் போதுமானவையாகின்றன. 150 மாணவருக்குக் குறைவான பள்ளிகள் குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகளாக வகைப்படுத்தப்படுகின்றன. 30க்கும் குறைவாயின் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்புமுறை மேற்கொள்ளப்படுகிறது. ஒரே நேரத்தில் இரு பாடத்திட்டங்களை நடத்தும் ஆசிரியரின் உழைப்பைத் தேர்வு விழுக்காடு எவ்வகையிலும் காட்டுவதில்லை.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. தேர்வு முடிவு குழந்தை எங்கு வந்து சேர்ந்தது என்பதைக் கூறும்; எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கூறாது. பாலர்பள்ளிக்குச் சென்று மூன்று மொழி எழுத்துகளை அறிந்து முதலாம் ஆண்டுக்கு வரும் குழந்தையும், பென்சில் பிடிக்க அங்குதான் பழகும் குழந்தையும் ஆறாண்டுக்குப் பின் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டனர். பின்னவனைச் சராசரி நிலைக்குக் கொணர்ந்த பள்ளி, முன்னவனைச் சிறந்த நிலையில் தக்கவைத்த பள்ளியினும் மிகுதியாகக் கற்பித்திருக்கக்கூடும். ஆனால், பாராட்டு விழா பின்னதற்கே நடந்தது.

2020இல் பெருந்தொற்றின் காரணமாக யு.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை; 2021இல் அது முற்றிலும் நீக்கப்பட்டது. இன்று வகுப்புசார் மதிப்பீடு நடைமுறையில் உள்ளது. மாணவரின் தேர்ச்சி ஆறு அடைவுநிலைகளாகக் குறிக்கப்படுகிறது. பள்ளி அளவில் 2010ஆம் ஆண்டு மலேசியக் கல்வித் தரக் கருவியும், 2017இல் அதன் இரண்டாம் அலையும் வந்தன. தலைமைத்துவம், நிறுவன மேலாண்மை, கலைத்திட்டம் - புறப்பாடம் - மாணவர் நல மேலாண்மை, கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம் என ஐந்து தரங்களை இக்கருவி நோக்குகிறது. பள்ளியின் இருப்பு, வருகை, தேர்ச்சி என ஒற்றை எண்ணில் தரத்தைத் தேடிய நூறாண்டு வரலாற்றில் இது வரவேற்கத்தக்க மாற்றமாகும். வகுப்பறைக்குள் நிகழ்வதும் தரத்தின் பகுதியே என்பதை இது ஏற்றுக்கொண்டது. எனினும், இக்கருவியும் ஆறாம் ஆண்டின் வாயிலில் நின்றுவிடுகிறது.

தொடர்ச்சியை அளத்தல்

நாட்டின் கல்வி அமைப்பில் தொடர்ச்சி என்னும் சிந்தனை இல்லாமலில்லை. உட்புறப் பகுதி மாணவரின் இடைவிலகலைக் குறைக்கும் பொருட்டு, முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் படிவம் வரையிலும், சில இடங்களில் ஐந்தாம் படிவம் வரையிலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் சிறப்பு முன்மாதிரி ஒருங்கிணைப்புப் பள்ளிகள் அமைக்கப்பட்டன. ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஏழை மாணவர் தவறி விழுகின்றனர் என்பதை அரசே உணர்ந்ததன் வெளிப்பாடு இது. தோட்டப் பின்னணியிலிருந்து வந்த தமிழ் மாணவருக்கு இடைவெளி இரட்டிப்பானது. பள்ளி மாறுவதோடு பயிற்றுமொழியும் மாறுகிறது.

எனவே, தமிழ்ப்பள்ளியின் தரத்தை மதிப்பிட விழைவோர் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும் என நாம் கருதுகிறோம். முதலாம் ஆண்டில் நுழைந்தபோது குழந்தை எந்நிலையில் இருந்தது? ஆறாண்டில் அது எவ்வளவு தொலைவு கடந்தது? அவருள் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தை நிறைவு செய்தனர்? எத்தனை பேர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியைப் பாடமாக எடுத்தனர்? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வழியுண்டு. ஆகவே, நான்காம் வினா தமிழ்ப்பள்ளியை மட்டுமன்றி, இடைநிலைப்பள்ளியையும் பெற்றோரையும் ஒருங்கே நோக்கிய வினாவாகும்.

இவ்வினாக்களுக்குப் புதிய தேர்வு எதுவும் வேண்டியதில்லை. பள்ளிகளில் உள்ள சேர்க்கைப் பதிவேடும், வருகைப் பதிவேடும், நிகழ்ச்சிக் குறிப்பேடும் முதற்சான்றுகளாகும். ஒருகாலத்தில் உதவித்தொகையைக் கணக்கிடுவதற்காகவே எழுதப்பட்ட அப்பக்கங்கள் இன்று நமக்கு வேறொரு பயனைத் தரும். எந்த ஆண்டில் எத்தனை பெண்குழந்தைகள் சேர்ந்தனர், எந்த வகுப்போடு நின்றனர், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் பெயர்ந்தனர் என்பன அவற்றில் புதைந்து கிடக்கின்றன. ஒரு பள்ளி இடம் மாறும்போது மேசை நாற்காலி வண்டியில் ஏறும். பழைய பதிவேடு கரையானுக்கு இரையாகும். இதனைத் தடுப்பது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. தலைமையாசிரியர் ஒருவரின் அக்கறையும், பல்கலைக்கழக மாணவர் சிலரின் உழைப்பும் போதும்.

முடிவுரை

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளை மதிப்பிட்ட ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஒவ்வொரு காலத்தும் பள்ளிக்கு வெளியே இருந்தோரின் தேவைக்கேற்ப அளவுகோல் மாறியதைக் காண்கிறோம். தோட்ட நிருவாகத்துக்குச் சட்டத்தை நிறைவேற்றியதற்குச் சான்று தேவைப்பட்டது. குடியேற்ற அரசுக்குத் தொகையைக் கணக்கிட எண் தேவைப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டுக்குப் பொதுத் தேர்வு தேவைப்பட்டது. நம் சமூகத்துக்குப் பெருமைப்பட ஒரு செய்தி தேவைப்பட்டது. குழந்தைக்கு என்ன தேவைப்பட்டது என்னும் வினா மட்டும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

முழுநிலைப் பள்ளி தமிழ்க் குழந்தைக்கு வாய்க்கவில்லை என்பது வரலாறு. பள்ளி முழுமையாக அமையாவிடினும், மதிப்பீடு முழுமையாக அமைய இயலும். ஆறாம் ஆண்டில் விடைபெற்றுச் செல்லும் மாணவனை ஐந்தாம் படிவம் வரை பார்வையால் பின்தொடரும் ஆசிரியர் உள்ள பள்ளியே, தன் தரத்தை உண்மையாக அறிந்த பள்ளியாகும். தேர்வு ஒன்று நீங்கி, அதன் இடத்தில் மற்றொரு பொது அளவுகோல் இன்னும் சமூகத்தின் மனத்தில் வேரூன்றாத இக்காலம் அதனைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம். பழைய பதிவேடுகள் எஞ்சியிருக்கும்போதே அப்பணி தொடங்கப்பெற வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.